பொம்மைச் செங்கல்லும் வீட்டுச் செங்கல்லும்

சங்க மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர், "கம்பரா, கல்வெட்டா, எதைப் பற்றி எழுதப் போறீங்க?" என்று கேட்டார். விளையாட்டுச் சாமானைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் சற்று யோசித்துவிட்டு, "சரிங்க சார், பிள்ளைங்க படிக்கட்டும்" என்றார். பிள்ளைகள் படித்தால் மகிழ்ச்சிதான். ஆனால் இதைப் பெரியவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நம் வீடுகளில் இன்று 'லெகோ' என்று சொல்லப்படும் கட்டுக்கல் பொம்மையைப் பார்க்காதவர் குறைவு. பிறந்தநாள் பரிசாக வரும், நாலு நாள் விளையாடுவார்கள், பிறகு இருட்டில் நம் காலில் குத்தும். அந்தப் பொம்மைக்கென்றே ஒரு காட்சியகம் டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்ற ஊரில் இருக்கிறது. மகள் குடும்பம் அந்த நாட்டில் இருப்பதால், பேரனோடு அங்கே ஒரு நாள் முழுக்கச் சுற்றும் வாய்ப்புக் கிடைத்தது. போய் வந்த பிறகு கங்காதர நெல்லூரில் எங்கள் தெருவில் நடக்கும் கட்டட வேலையைப் பார்க்கும்போது, அங்கே பார்த்ததும் இங்கே பார்ப்பதும் ஒரே பாடமாகத் தெரிந்தது. அந்தப் பாடம் என்ன, பிள்ளைகளுக்கு அதை நாம் எப்படிக் காட்டலாம் என்பதே இக்கட்டுரை.

முதலில் பொம்மையின் வரலாறு, சுருக்கமாக. ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்பவர் பில்லுண்டில் தச்சர். 1930-களின் தொடக்கத்தில் உலகம் முழுவதும் தொழில் மந்தம். வீடு கட்டுவோர் இல்லை. மரத்தில் பொம்மை செய்ய ஆரம்பித்தார். அந்த ஆண்டு 1932. 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களை ஒட்டி 'லெகோ' என்று பெயர் வைத்தார். பிளாஸ்டிக் கல் 1949-இல்தான் வந்தது. அது அவர்களுடைய சொந்தச் சிந்தனை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் ஹிலரி பேஜ் என்பவர் 'கிட்டிகிராஃப்ட்' என்ற பெயரில் ஒன்றோடொன்று பொருந்தும் கற்களை அதற்கு முன்பே செய்து விற்றார். அந்த மாதிரியைப் பார்த்துத்தான் டென்மார்க்காரர்கள் தொடங்கினார்கள். பேஜின் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை.

அந்தப் பழைய கல் உள்ளே வெறும் கூடு. மேலே குமிழ்கள் இருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது. அடுக்கினால் நிற்கும், தூக்கினால் கழன்றுவிடும். ஓலேயின் மகன் கோட்ஃபிரெட் காலத்தில், 1958 ஜனவரி 28-ஆம் தேதி ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். கல்லின் வயிற்றுக்குள் சின்னச் சின்னக் குழல்களை வைத்ததுதான் புதுமை. இன்றைய பொம்மையின் உயிர் அந்தக் குழலில்தான் இருக்கிறது. அதைக் கொஞ்சம் கணக்காகவே பார்ப்போம். வாத்தியாராக இருந்தவன் என்பதால் கணக்கு இல்லாமல் எனக்கு எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். குமிழின் குறுக்களவு 4.8 மி.மீ. நான்கு குமிழ்கள் ஒரு சதுரத்தின் நான்கு மூலையில் நிற்கின்றன. அந்தச் சதுரத்தின் மூலைவிட்டம், பித்தாகரஸ் தேற்றப்படி, 11.31 மி.மீ. அதில் இரு முனையிலும் அரைக் குமிழ் வீதம் 4.8 போனால் மிச்சம் 6.51. மேல்கல்லின் வயிற்றுக்குள் உள்ள குழலின் வெளி அளவும் அதுவே. ஆக, கீழ்க்கல்லின் நான்கு குமிழ்களுக்கு நடுவில் மேல்கல்லின் குழல் இறுக்கமாக உட்காருகிறது. பிளாஸ்டிக் சற்றே வளைந்து கொடுத்துப் பிடித்துக்கொள்கிறது. பசை கிடையாது, திருகாணி கிடையாது. 1963 முதல் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். அதற்கு முன்பு பயன்படுத்தியது நாளடைவில் கோணிப் போய்விடுமாம். அச்சில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக்கு மேல் பிசகக் கூடாது. பிசகினால் ஒன்று கழன்று விழும், இல்லாவிட்டால் குழந்தையால் பிரிக்க முடியாமல் போகும். 1958-இல் வார்த்த கல் இன்று வார்த்த கல்லோடு பொருந்துகிறது என்றால் அந்த அளவுக் கட்டுப்பாடுதான் காரணம்.

காப்புரிமைக்கு ஆயுள் உண்டு. அது எப்போதோ முடிந்துவிட்டது. கல்லின் வடிவத்தையே வணிகச் சின்னமாகப் பதிய வேண்டும் என்று நிறுவனம் நடத்திய வழக்கை ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இல் தள்ளிவிட்டது. வேலை செய்வதற்காக அமைந்த வடிவத்தை ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். அதனால்தான் சித்தூர்க் கடைத்தெருவில் இதே மாதிரிக் கற்கள் வேறு பெயரில், கால் விலைக்குக் கிடைக்கின்றன. கீழே நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் அந்தக் கற்களே போதும்.

இனி காட்சியகம். பில்லுண்ட் சில ஆயிரம் பேர் வாழும் சிறிய ஊர். சுற்றிலும் வயல்வெளி. நம்மவர்களுக்கு ஆர்வமான செய்தி ஒன்று: அந்தப் பகுதியில் 1980-களில் இருந்து குடியேறிய இலங்கைத் தமிழர்கள் நிறைய பேர் உண்டு. பக்கத்தில் பிராண்டே என்ற ஊரில் அபிராமி அம்மன் கோயில் இருக்கிறது. ஹெர்னிங்கில் சித்தி விநாயகர் இருக்கிறார். வெளியூரில் தமிழ் வளர்ப்பது எப்படி என்று நாம் இங்கே கூட்டம் போட்டுப் பேசுகிறோம். அவர்கள் பனி கொட்டும் ஊரில் தேரே இழுக்கிறார்கள்.

'லெகோ ஹவுஸ்' என்ற அந்தக் கட்டடம் 2017 செப்டம்பர் 28-இல் திறக்கப்பட்டது. பியார்க்கே இங்கல்ஸ் என்ற டேனிஷ் கட்டடக்கலைஞர் வடிவமைத்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரு பெரிய குழந்தை 21 வெள்ளைக் கட்டைகளை அடுக்கிவிட்டுப் போனது போல் இருக்கும். உச்சிக் கட்டையின் கூரையில் எட்டு வட்டமான கண்ணாடித் திறப்புகள், அதாவது எட்டுக் குமிழ்கள். மொட்டைமாடிகளில் ஏறிப் போக யாருக்கும் காசு இல்லை. உள்ளே நுழைந்தால் மாடிப்படி நடுவே 15 மீட்டருக்கு மேல் உயரமான ஒரு மரம், 63 லட்சம் கற்களால் கட்டியது. மொத்தக் கட்டடத்தில் இரண்டரைக் கோடிக் கற்கள் இருக்கின்றன என்கிறார்கள். பிரமிப்பாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், மரத்தை அண்ணாந்து பார்த்து ஐந்து நிமிடத்தில் கழுத்து வலித்துவிட்டது. மீதி நாள் முழுவதும் எங்களைப் பிடித்து வைத்தது வேறு.

உள்ளே நான்கு பகுதிகள், நான்கு நிறங்கள். சிவப்பில் மனம் போனபடி கட்டலாம். நீலத்தில் யோசித்துத் தீர்க்கும் வேலைகள். பச்சையில் சேர்ந்து கதை சொல்லும், ஊர் அமைக்கும் வேலைகள். மஞ்சளில் கற்பனைப் பிராணிகள்: நாம் கல்லில் ஒரு மீன் செய்து கருவியிடம் காட்டினால், அது எதிரே உள்ள திரைத் தொட்டியில் நீந்தப் போய்விடும். சாப்பாட்டுக் கூடத்தில்கூட வண்ணக் கற்களைச் சேர்த்து ஒரு கருவியில் செருகினால் அதுதான் ஆர்டர். சாப்பாட்டுப் பெட்டியை இயந்திர மனிதர்கள் கொடுக்கிறார்கள். இதை எழுதினால் என் மனைவி "அந்த ரசத்துக்கு இருந்த ருசியையும் எழுதுங்க" என்பாள். ரசம் கிடையாது, அதனால் விட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல வந்தது நீலப் பகுதியில் நடந்த ஒரு சின்ன விஷயம். அங்கே பிள்ளைகள் ஆளுக்கொரு கார் கட்டிச் சரிவான பாதையில் ஓடவிட்டுப் பார்க்கலாம். பேரனுக்கு எட்டு வயது. தமிழ் புரியும், பேச்சு டேனிஷில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் நடந்து தமிழில் "தாத்தா" என்று முடியும். அவன் நீளமான கார் ஒன்று கட்டினான். இரண்டு கற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதன் மேல் அதே போல் இரண்டு, அதன் மேலும் இரண்டு. பார்வைக்கு அழகு. சரிவில் விட்டான். கீழே குதித்ததும் நடுவில் சரியாக இரண்டாகப் பிளந்தது. மறுபடியும் அதே மாதிரி கட்டினான். மறுபடியும் அதே இடத்தில் பிளந்தது.

எனக்கு வாய் நமநமத்தது. மகள் என் கையைத் தொட்டு, "அப்பா, சொல்லிடாதீங்க. அவனே பாக்கட்டும்" என்றாள். சுற்றிலும் பார்த்தேன். வேலைக்கு நின்ற பெண் ஒருவரும் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை உடைந்த பிறகு பேரன் இரண்டு துண்டையும் கையில் எடுத்து, உடைந்த பக்கத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு மேல் வரிசையில் ஒரு கல்லை எடுத்து, கீழே இருந்த இரண்டு கல்லின் நடுச்சந்துக்கு மேலே குறுக்காகப் போட்டு அழுத்தினான். இந்தத் தடவை கார் குதித்தது, உருண்டது, உடையவில்லை. "தாத்தா, லுக்! இது அதைப் பிடிச்சுக்குது!" என்றான். முழு வாக்கியம், தமிழில்.

இந்த 'பிடிச்சுக்குது'தான் கட்டடக்கலையின் முதல் பாடம். எங்கள் தெருவில் வேலை செய்யும் மேஸ்திரி சித்தாளிடம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வது இதையேதான்: "ஜாயிண்ட் மேல ஜாயிண்ட் வரக்கூடாதுடா, உடைச்சு வை." ஒரு வரியில் இரண்டு கல் சேரும் சந்துக்கு நேர் மேலே அடுத்த வரியில் முழுக்கல் வர வேண்டும். அப்போதுதான் மேலிருந்து வரும் பாரம் ஒரு கல்லிலிருந்து கீழே உள்ள இரண்டு கல்லுக்கும், அதிலிருந்து மூன்றுக்கும் பரவும். சந்துக்கு மேல் சந்து வந்துவிட்டால் சுவர் பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் உண்மையில் ஒட்டி நிற்கும் இரண்டு தூண்கள்தான். அஸ்திவாரம் ஒரு பக்கம் சற்று இறங்கினால் போதும், மேலிருந்து கீழ்வரை ஒரே கோட்டில் விரிசல் விடும். பேரனின் கார் பிளந்ததும் அப்படித்தான்.

இதற்காகத்தான் ஒவ்வொரு வரியின் முனையிலும் அரைக்கல், முக்கால் கல் வைக்கிறார்கள். மேஸ்திரி கரணையால் ஒரு தட்டுத் தட்டிக் கல்லைச் சரிபாதியாக உடைப்பதைப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். எதற்காக உடைக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை. அடுத்த தடவை சொல்லுங்கள்.

இன்னொன்று, செங்கல்லின் நீளம் ஏன் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு? இந்தியத் தர நிர்ணய அமைவனம் சொல்லும் செங்கல் அளவு 190 மி.மீ. நீளம், 90 அகலம், 90 உயரம். இதில் 190 என்பது 90-க்கு இரட்டிப்பு இல்லையே என்று தோன்றும். நடுவில் சாந்து 10 மி.மீ. இருப்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குறுக்காக வைத்த ஒரு கல் 90, சாந்து 10, குறுக்காக வைத்த இன்னொரு கல் 90. ஆக 190. குறுக்கே வைத்த இரண்டு கல் நெடுக்கே வைத்த ஒரு கல்லுக்குச் சமம். இப்படி இருந்தால்தான் தடித்த சுவரில் சில கற்களை நெடுக்கேயும் சில கற்களை உள்நோக்கிக் குறுக்கேயும் வைத்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துக் கட்ட முடியும். பொம்மையிலும் அதிகம் புழங்கும் கல் இரண்டு குமிழ் அகலம், நான்கு குமிழ் நீளம். அதே இரண்டுக்கு ஒன்று. சிந்துவெளிச் செங்கற்களில் உயரம், அகலம், நீளம் ஒன்று, இரண்டு, நான்கு என்ற விகிதத்தில் இருப்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள்.

சிந்துவெளி வரைக்கும் போக வேண்டியதில்லை. நம் பக்கத்திலேயே குடிமல்லம் இருக்கிறது. பாப்பாநாயுடுபேட்டை அருகில் உள்ள பரசுராமேசுவரர் கோயில், 2022-இல் மாவட்டம் பிரிந்த பிறகு திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. அங்குள்ள லிங்கத்தின் பழமைக்காக அறிஞர்கள் உலகெங்கிலும் இருந்து வருகிறார்கள். சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1973-இல் தொல்லியல் துறையின் கார்த்திகேய சர்மா அங்கே அகழ்ந்து பார்த்தபோது, இப்போதைய கற்கோயிலுக்கு முற்பட்ட செங்கல் கட்டடத்தின் மிச்சங்கள் கிடைத்தன. அந்தச் செங்கற்கள் 42 சென்டிமீட்டர் நீளம், 21 அகலம், 6 கனம். நீளமும் அகலமும் சரியாக இரண்டுக்கு ஒன்று. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இந்த மண்ணில் கல் அறுத்த கொத்தனுக்கும் பில்லுண்டில் அச்சு வார்த்தவருக்கும் கணக்கு ஒன்றாக வந்திருக்கிறது. இருவருக்கும் கை சொன்ன கணக்கு அது.

சொல்லிலும் ஒரு செய்தி இருக்கிறது. நம் தெலுங்குக்கார நண்பர்கள் செங்கல்லை 'இட்டுக' என்கிறார்கள். பிள்ளைகள் அதைத் தெலுங்குச் சொல் என்றே நினைப்பார்கள். 'இட்டிகை' என்பது சங்க இலக்கியத்திலேயே வழங்கிய சொல். வடமொழியிலிருந்து இரு மொழிக்கும் வந்தது. நாம் அதை மறந்துவிட்டுச் 'செங்கல்' என்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்கிறார்.

சரி, பொம்மைக்கல்லுக்குச் சாந்து வேண்டாம், வீட்டுக்கல்லுக்கு ஏன் வேண்டும்? சாந்து ஒட்டவைக்கும் பசை என்று பொதுவாக நினைக்கிறோம். பசை வேலையும் உண்டுதான். ஆனால் முதல் வேலை அதுவல்ல. சூளைக் கல் எப்படி வருகிறது என்று பாருங்கள். களிமண்ணை மிதித்து, அச்சில் அறுத்து, பச்சைக்கல்லை வெயிலில் காயவைக்கிறார்கள். காயும்போது சுருங்குகிறது. பிறகு சூளையில் வேகும்போது நெருப்புக்குப் பக்கத்தில் இருந்த கல் ஒரு மாதிரி, ஓரத்தில் இருந்த கல் ஒரு மாதிரி சுருங்கும், கோணும். எந்த இரண்டு கல்லும் ஒரே அளவில் இருக்காது. அப்படியே சாந்து இல்லாமல் அடுக்கினால் மேல்கல் கீழ்க்கல்லின் நாலைந்து மேடுகளில் மட்டும் நிற்கும். பாரமெல்லாம் அந்த மேடுகளில் விழுந்து கல் உடையும். சாந்து அந்த மேடுபள்ளத்தை நிரப்பிப் படுக்கை போட்டுக் கொடுக்கிறது. பொம்மைக்கல்லில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு பிசகு. சூளைக்கல்லில் சில மில்லிமீட்டர் பிசகு. அந்த வித்தியாசம்தான் சாந்து. நம் கருங்கல் கோயில்களில் கல்லைத் துல்லியமாகச் செதுக்கிச் சாந்தே இல்லாமல் அடுக்கியிருப்பதை இதோடு சேர்த்து யோசித்தால் விளங்கும்.

செங்கல்லின் ஒரு முகத்தில் சூளைக்காரர் எழுத்துப் பதித்த பள்ளம் ஒன்று இருக்கும். ஆங்கிலக் கொத்தர்கள் அதற்கு வைத்த பெயர் 'தவளை'. ஏன் என்று கேட்காதீர்கள். அந்தப் பள்ளத்தில் சாந்து இறங்கி இறுகினால் மேல்கல் பக்கவாட்டில் நகராது. பொம்மையின் குமிழுக்கு நம் வீட்டுக்கல் காட்டும் பதில் அது.

இதையெல்லாம் நான் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு மணிக்கணக்கில் சொல்லியிருக்கலாம். பேரனின் கார் மூன்று தடவை உடைந்ததற்கு ஈடாகாது. அந்தக் காட்சியகத்தின் திறமை அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. செய்ததன் பலன் உடனே கண்ணுக்குத் தெரிகிறது. உடைந்தால் நஷ்டம் இல்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் மறுபடி செய்யலாம். பக்கத்தில் நிற்பவர் விடையைச் சொல்லிக் கெடுப்பதில்லை. தொட்டுப் பார்க்கும் காட்சியகம் என்ற எண்ணம் லெகோவுக்கு முந்தியது. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் இயற்பியலாளர் பிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-இல் தொடங்கிய 'எக்ஸ்ப்ளோரட்டோரியம்' அதற்குப் பெயர் பெற்றது. நம் நாட்டில் 1959-இல் கொல்கத்தாவிலும் 1965-இல் பெங்களூரிலும் தொழில்நுட்ப அருங்காட்சியகங்கள் திறந்தன. அந்த வரிசையில் வந்ததுதான் திருப்பதி அலிபிரிப் பக்கம் 1993 முதல் இருக்கும் மண்டல அறிவியல் மையம். டென்மார்க் போக விசா வேண்டும். இதற்கு ஒரு பஸ் டிக்கெட் போதும்.

ஆனால் அங்கே நாம் எப்படிப் போகிறோம்? தரிசனத்துக்கு நேரம் இருக்கிறதே என்று உள்ளே நுழைகிறோம். பிள்ளை ஒரு சக்கரத்தைச் சுற்ற ஆரம்பிக்கும். அம்மா "ஒடச்சிடாதே" என்பார். அடுத்த பிள்ளை பொத்தானை அழுத்தும். அப்பா பக்கத்துப் பலகையை வாசித்து விடையைச் சொல்லிவிடுவார். "பாத்தாச்சா? வா, வா." ஒரு கருவிக்கு அரை நிமிடம். முப்பது கருவியும் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் பார்க்கவில்லை. போகிறவர்கள் மூன்றே மூன்று கருவியிடம் நின்றுவிட்டு வந்தால்கூட எனக்குச் சம்மதம். அந்த மூன்றிடமும் பிள்ளைக்கு அலுக்கும்வரை நில்லுங்கள். நமக்கு அலுக்கும், அது முன்னதாகவே வரும்.

குழந்தையின் கையில் கட்டையைக் கொடுத்துவிட்டுப் பெரியவர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். அவருடைய இளஞ்சிவப்புக் கோபுரம், ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை உள்ள பத்துக் கனக்கட்டைகள், இன்றும் அந்த வகைப் பள்ளிகளில் இருக்கிறது. தப்பாக அடுக்கினால் கோபுரமே காட்டிக் கொடுத்துவிடும். ஆசிரியர் சிவப்பு மை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

இனி வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு கணக்கு. அந்தக் காட்சியகத்தில் வருவோர் ஒவ்வொருவருக்கும் ஆறு சிவப்புக் கற்கள் கொண்ட ஒரு சின்னப் பையும், அந்த ஆறையும் அடுக்க ஒரு வழியைக் காட்டும் அட்டையும் கொடுக்கிறார்கள். ஒருவருக்குக் கொடுத்த வழி இன்னொருவருக்கு வராது. ஆறே கல்லில் அத்தனை வழிகள் ஏது என்று கேட்டால், 91,51,03,765 என்கிறார்கள். தொண்ணூற்றொரு கோடிக்கு மேல்! நம்ப முடியாமல் ஊருக்கு வந்து, என் பங்குப் பையைப் பிரித்து வைத்துக்கொண்டு தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன்.

இரண்டு கல்லில் இருந்து தொடங்க வேண்டும். இரண்டுக்கு நான்கு குமிழ் உள்ள ஒரு கல்லை மேசையில் வையுங்கள். அதன் மேல் இன்னொன்றை அதே திசையில் வைத்தால், நீளவாட்டில் ஒவ்வொரு குமிழாக நகர்த்தி 7 நிலைகள் கிடைக்கும். அகலவாட்டில் 3 நிலைகள். ஏழு மூன்று இருபத்தொன்று. மேல்கல்லைக் குறுக்கே திருப்பி வைத்தால் ஐந்தைந்து இருபத்தைந்து. மொத்தம் 46. இதோடு முடியவில்லை. மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நீங்கள் வைத்த ஓர் அமைப்பு, உங்களுடைய வேறோர் அமைப்பு போலத் தெரியும். இரண்டும் ஒன்றுதான், திருப்பி வைத்தது. நேர் மேலே வைத்தது, நட்டநடுவில் குறுக்கே வைத்தது ஆகிய இரண்டு மட்டுமே எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அதே. மீதி 44-இல் பாதி 22, அந்த இரண்டையும் சேர்த்தால் 24. இரண்டு கல்லுக்கு 24 வழிகள். பிள்ளைகள் நாற்பத்தெட்டுக் கல்லைச் சேர்த்து இருபத்துநான்கையும் கட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதை அந்த வருடம் எங்கள் வீட்டுக் கொலுவில் கடைசிப் படியில், மரப்பாச்சிக்குப் பக்கத்தில் வைத்தோம். வந்த பெண்மணிகள் எல்லோரும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சுண்டல் வாங்கினார்கள்.

ஆறு கல்லுக்கு நிறுவனம் 1970-களில் வெளியிட்ட எண் வேறு: 10,29,81,500. அது எப்படி வந்தது என்று எளிதாகக் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு கல்லுக்கும் முந்திய கல்லின் மேல் 46 வழிகள். ஐந்து தடவை பெருக்கினால் 20,59,62,976. திருப்பி வைத்தால் ஒன்றாகிவிடுபவற்றைக் கழித்தால் 10,29,81,504. கடைசி நான்கை விட்டுவிட்டு முழு எண்ணாகச் சொல்லிவிட்டார்கள். இந்த எண்ணே பல ஆண்டுகள் புத்தகங்களில் வந்தது. ஆனால் இந்தக் கணக்கு ஒன்றின் மேல் ஒன்றாக ஆறடுக்குக் கோபுரங்களை மட்டுமே எண்ணுகிறது. ஒரு கல்லின் மேல் இரண்டு கல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்? கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் 2000-களில் அதையும் சேர்த்துக் கணினியால் எண்ண வைத்தார். அப்போதுதான் 91 கோடி வந்தது. இதற்குச் சூத்திரம் எதுவும் இல்லை. ஒவ்வொன்றாக எண்ணத்தான் வேண்டும், கணினியாக இருந்தாலும்.

மூன்று கல்லுக்குக் கணினி வேண்டாம், பொறுமை போதும். மூன்றடுக்குக் கோபுரங்கள் 1,060. இது 46-ஐ 46-ஆல் பெருக்கி, மேலே சொன்னபடி திருப்பத்தைக் கழித்தால் வந்துவிடும். மீதி, ஒரு கல்லின் மேல் இரண்டு கல் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை 250. இரண்டு கல்லின் மேல் ஒரு கல் பாலம் போல் இருப்பவை 250. ஆக 1,560. பேரனின் காரைப் பிடித்துக்கொண்டது இந்தக் கடைசி வகைதான். அந்த 250 எப்படி வருகிறது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கட்டம் போட்ட நோட்டில், காகிதத்தை இரண்டுக்கு நான்காக வெட்டி வைத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் கண்டுபிடித்தாள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் முயன்றால், முதலில் திருப்பத்தைப் பற்றிக் கவலைப்படாமல் எண்ணச் சொல்லுங்கள், 480 வரும். அதில் திருப்பினாலும் மாறாதவை 20.